புகையில் விழுந்த துளை

மிராஜ் மேப்பில் தாக்கும் அணி புறப்படுகிற இடத்தில் சுவரோரம் ஒட்டி நின்று, எதிரே தெரியும் கட்டடங்களுக்கு மேல் ஒரு புள்ளியைக் குறிவைத்து எறிந்தால், ஸ்மோக் கிரனேடு நடுவெளியைத் தாண்டிப் பறந்து எதிரணியின் ஜன்னலில் போய் விழும். அந்த ஜன்னலுக்குள் ஸ்நைப்பர் துப்பாக்கியோடு ஒருவன் காத்திருப்பான். புகை எழுந்துவிட்டால் அவனுக்குக் கண் இல்லை; நடுவெளி நம்முடையது. கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் எறிதல்களில் இதுவும் ஒன்று. எனக்கு அது மனத்திலிருந்து கைக்கு இறங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

2023 செப்டம்பர் 27க்குப் பிறகு ஒரு நாள், அதே ஜன்னலை நோக்கி எறிந்தேன். புகை எழுந்தது. பழைய நம்பிக்கையில் நடுவெளியில் இறங்கி நடந்தேன். ஜன்னல் பக்கமிருந்து ஒரு எச்.இ. குண்டு வந்து வெடித்தது. புகை கிழிந்து இரு பக்கமும் விலகியது. அந்த ஒரு கண இடைவெளியில் ஸ்நைப்பர் என்னைப் பார்த்தான், சுட்டான். அடுத்த சுற்று தொடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மேப் தெரிந்த மேப், துப்பாக்கி தெரிந்த துப்பாக்கி, ஆனால் நான் கற்றிருந்த ஒரு விதி இங்கே செல்லாது.

கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ், அதாவது சி.எஸ்.கோ, 2012 ஆகஸ்ட் 21 அன்று வந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன 2023 செப்டம்பர் 27 அன்று, அதன் இடத்துக்கு கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, அதாவது சி.எஸ்.2, வந்தது. இரண்டையும் வெளியிட்டது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் வால்வ் நிறுவனம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் படத்தின் அழகைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த ஆட்டத்தை ஆடுவது கண் மட்டும் இல்லை, கை. பதினோரு வருடம் பழகிய கையிடம் புதிய ஆட்டம் எதை வைத்துக்கொள்ளச் சொன்னது, எதை மறக்கச் சொன்னது என்ற கேள்வியோடுதான் நான் இரண்டையும் ஒப்பிட விரும்புகிறேன்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. அணிக்கு ஐந்து பேர். ஒரு அணி குண்டை ஏ சைட்டிலோ பி சைட்டிலோ கொண்டுபோய் வைக்க வேண்டும். மற்ற அணி தடுக்க வேண்டும், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு சுற்றில் ஒரே உயிர். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கைதான். சுற்றுக்குச் சுற்று பணம் சேரும். அதில் துப்பாக்கியும் கவசமும் குண்டுகளும் வாங்க வேண்டும். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் கட்டிய மாட் இது. வால்வ் அதை வாங்கி 2000இல் தனி விளையாட்டாக வெளியிட்டது. தமிழ்நாட்டின் பிரௌசிங் சென்டர்களில் 2000களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, அடுத்த கேபினில் இருப்பவனைச் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே பையன்கள் ஆடிய 1.6 பதிப்பு இதன் மூத்தது. இந்த எலும்புக்கூடு அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. சி.எஸ்.கோவிலும் கையில் 800 டாலரோடுதான் தொடங்குவோம், சி.எஸ்.2லும் அப்படியே. வைத்த குண்டு வெடிக்க இரண்டிலும் 40 விநாடி. ஏகே-47இன் குண்டுகள் முதலில் மேலே ஏறிப் பிறகு பக்கவாட்டில் ஆடும் அந்தக் கோலம்கூடப் பழையதுதான். மவுஸை எதிர்த்திசையில் இழுத்து அதை அடக்கக் கற்ற கை, புதிய ஆட்டத்தில் முதல் நாளே அதை அடக்கிவிடும்.

ஆகவே மாறியவற்றைப் பார்ப்போம். முதலில் புகை.

சி.எஸ்.கோவில் புகை என்பது ஒரு திரை. கிரனேடு விழுந்த இடத்தைச் சுற்றி, ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட அளவில் ஒரு சாம்பல் உருண்டை எழும். தட்டையான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த உருண்டை அது. சுமார் 18 விநாடி நிற்கும். அந்த 18 விநாடிக்குள் அதை யாரும் எதுவும் செய்துவிட முடியாது. சுடலாம், குண்டு ஊடுருவிப் போகும், புகை அசையாது. எச்.இ. எறியலாம், உள்ளே இருப்பவனுக்கு அடிபடும், புகை அப்படியே நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அறை இருக்கிறதா, மாடிப்படி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த அறியாமையிலிருந்து ஒரு கலையே பிறந்தது. ஒரு மரப்பெட்டியின் விளிம்பிலோ கதவின் மேல் சட்டத்திலோ புகையை உட்கார வைத்தால், ஒரு பக்கம் நிற்பவனுக்கு எதிரியின் காலோ தலையோ தெரியும். எதிரிக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது. ஆட்டக்காரர்கள் இதை ஒன்வே ஸ்மோக் என்பார்கள். மேப்புக்கு மேப் இதற்கான இடங்களைத் தேடித் தேடிக் குறித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். அது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் செலவான பொறுமை உண்மையானது.

சி.எஸ்.2இல் புகைக்குக் கனம் வந்தது. கிரனேடு வெடித்த இடத்திலிருந்து காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கே அது பரவுகிறது. குறுகிய வழியில் விழுந்தால் நீளமாக ஓடுகிறது. வாசல் திறந்திருந்தால் வாசல் வழியே வெளியே வழிகிறது. வெயில் படும் இடத்தில் வெளுக்கிறது, நிழலில் கறுக்கிறது. முக்கியமாக, எல்லோரும் பார்ப்பது ஒரே புகையை. எங்கே நின்று பார்த்தாலும் அதன் எல்லை அதே எல்லை என்பதால் பழைய ஒன்வே ஸ்மோக்குகளுக்கு அடித்தளமே போய்விட்டது. துப்பாக்கியால் சுட்டால் குண்டு போன வழியில் ஒரு சின்னத் துளை விழுந்து உடனே மூடிக்கொள்கிறது. எச்.இ. வெடித்தால் நடுவில் பெரிதாகத் திறந்து, ஓரிரு மூச்சுக்குள் மறுபடி சேர்ந்துவிடுகிறது.

கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆட்டத்தில் இதன் விளைவு பெரிது. பழைய ஆட்டத்தில் புகை ஓர் ஒப்பந்தம் மாதிரி: இந்த 18 விநாடிக்கு இந்த வழி மூடப்பட்டது என்று இரு அணிகளும் ஏற்றுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கும். புதிய ஆட்டத்தில் அந்த ஒப்பந்தத்தை 300 டாலர் எச்.இ. ஒன்றால் எவனும் உடைக்கலாம். எனவே எறிந்தவன் புகையின் பின்னால் நிம்மதியாக நிற்க முடியாது, எதிரணியிடம் எச்.இ. மிச்சம் இருக்கிறதா என்று கணக்கு வைக்க வேண்டும். தடுக்கும் அணிக்கோ முன்பு சுற்றின் ஆரம்பத்தில் எறிந்து தீர்த்துவிடும் எச்.இ. இப்போது கடைசிவரை பத்திரப்படுத்த வேண்டிய பொருளாகிவிட்டது. குண்டு வைக்கப்பட்டுவிட்டது, செயலிழக்க வைக்க ஒருவன் புகைக்குள் மறைந்து குனிந்திருக்கிறான் என்று வையுங்கள். பழைய ஆட்டத்தில் எதிரி குத்துமதிப்பாகப் புகைக்குள் சுட்டுத் தள்ளுவான். புதிதில் ஒரு எச்.இ. போட்டால் குனிந்திருப்பவனைப் பார்த்தே சுடலாம். அந்த நேரத்துக்காக அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய பாடம். சி.எஸ்.2 செய்த மாற்றங்களில் எனக்குச் சிறிதும் மனக்குறை இல்லாத மாற்றம் இது ஒன்றுதான். என் மிராஜ் ஜன்னலை என்னிடமிருந்து பறித்ததும் இதுதான் என்றாலும்.

அடுத்தது காலம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் ஆடும் எந்தத் துப்பாக்கி ஆட்டத்திலும் உண்மையில் நடப்பது என்ன என்பதை முடிவு செய்வது நம் கணினி இல்லை, எங்கோ இருக்கும் சர்வர். வால்வின் சர்வர்கள் இருக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்று. அதனால் தமிழ்நாட்டிலிருந்து ஆடுகிறவர்களுக்குத் தூரம் பெரிய பகை இல்லை. ஆனால் சர்வர் தொடர்ச்சியாக உலகைப் பார்ப்பதில்லை. விநாடிக்கு இத்தனை முறை என்று கண் திறந்து பார்க்கிறது. ஒவ்வொரு பார்வையும் ஒரு டிக். சி.எஸ்.கோவில் வால்வின் சொந்த சர்வர்கள் விநாடிக்கு 64 டிக். ஒரு டிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஏறக்குறைய 15.6 மில்லிவிநாடி. அந்த இடைவெளியில் நீங்கள் மவுஸை அழுத்தினால், அழுத்திய கணம் சர்வருக்குத் தெரியாது. அடுத்த டிக்கில் அழுத்தியதாகத்தான் கணக்கில் ஏறும்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எல்லாப் பாட்டும் சமத்தில் எடுப்பதில்லை. அரை இடம் தள்ளி, முக்கால் இடம் தள்ளி எடுக்கும் பாட்டுகள் உண்டு; அந்தத் தள்ளலில்தான் அவற்றின் உயிர். சி.எஸ்.கோவின் சர்வர் எந்த எடுப்பையும் பிடித்துத் தாளத்தின் அடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். போட்டி ஆட்டக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, தாளத்தையே வேகமாக்குவது. ஃபேஸ்இட் போன்ற வேறு நிறுவனங்களின் தளங்களில் 128 டிக் சர்வர்கள் இருந்தன, இடைவெளி பாதியானது. அதில் ஆடிப் பழகிவிட்டு வால்வின் 64க்குத் திரும்பினால் ஸ்மோக் எறிதல்கள்கூடச் சற்றே வேறு இடத்தில் விழும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு கைப்பழக்கம் வேண்டியிருந்தது.

சி.எஸ்.2 தாளத்தை வேகமாக்கவில்லை. 64 டிக்கையே வைத்துக்கொண்டு, எடுப்பு எங்கே விழுந்தது என்பதை எழுதி அனுப்பச் சொன்னது. சுட்டது, குதித்தது, எறிந்தது எதுவானாலும் இரண்டு டிக்குகளுக்கு நடுவில் எந்தக் கணத்தில் நடந்தது என்ற குறிப்பும் சேர்ந்து சர்வருக்குப் போகும். சப்-டிக் என்று பெயர். இனி டிக் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றது வால்வ். 128 டிக் சர்வர்களுக்கு இடமில்லாமல் எல்லா இடத்திலும் 64தான் என்றும் ஆக்கியது.

யோசனையாகப் பார்த்தால் இது பழையதைவிட நேர்மையானது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதங்களில் ஆடிய எவரிடம் கேட்டாலும் ஏதோ சரியில்லை என்றுதான் சொன்னார்கள். காரணமும் இருந்தது. சுட்ட கணத்தைச் சர்வர் துல்லியமாக அறிந்துகொண்டது. ஆனால் துப்பாக்கி அதிர்வதும் வெளிச்சம் தெறிப்பதும் திரையில் இன்னும் டிக்கைப் பார்த்தே நடந்தன. எனவே அழுத்தியபோது குறி தலையில் இருந்தது, கண்ணுக்குச் சுட்டதாகத் தெரிந்தபோது குறி நகர்ந்துவிட்டிருந்தது. சரியான இடத்தில் பட்ட குண்டையே தவறாகச் சுட்டதுபோல் கண் சொன்னது. அதே மாதிரி, குதித்து எறியும் ஸ்மோக்குகள் ஒருமுறை ஒரு உயரம், மறுமுறை வேறு உயரம் என்று போயின. சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன் என்று நினைத்த பிறகு சாவது பழைய ஆட்டத்திலும் உண்டு. புதிதில் அது அடிக்கடி நடப்பதாக எல்லோரும் உணர்ந்தார்கள். பின்னர் வந்த திருத்தங்கள் சுடும்போது தெரிவதையும் கேட்பதையும் அழுத்தியவுடன் நடக்கச் செய்தன, குதித்தெறிவதையும் சீராக்கின. இன்று ஆடும்போது அந்தப் பழைய புழுக்கம் எனக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த முதல் மாதங்களில் ஒரு நிறுவனம் தன் ஆட்டக்காரர்களின் விரல் நுனியை அளவுக்கு மீறிச் சோதித்தது என்றே நினைக்கிறேன். கண்ணும் கையும் ஒன்றாக நகரும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஆட்டம் முழுக்க நிற்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். நின்று சுட வேண்டும். சட்டென்று நிற்க, இடப்பக்கம் ஓடுகிறவன் வலப்பக்க விசையைத் தட்ட வேண்டும். ஒரு விசையை விட்டு மறு விசையை அழுத்தும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நல்ல ஆட்டக்காரன் தெரிவான். இரண்டையும் ஒன்றாக அழுத்தினாலும் தானே சரிசெய்துகொள்ளும் கீபோர்டுகள் கடைக்கு வந்தபோது, 2024 ஆகஸ்டில் வால்வ் தன் சர்வர்களில் அதைத் தடை செய்தது. ஒரே விசையில் குதித்தெறியும் பழைய குறுக்குவழிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. சி.எஸ்.கோ காலத்தில் அவை சாதாரணப் பழக்கம். கையின் வேலையைக் கைதான் செய்ய வேண்டும் என்ற இந்த முடிவில் புதிய ஆட்டம் பழையதைவிடக் கண்டிப்பானது. எனக்கு இதில் முழு உடன்பாடு.

மேப்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லப் போவதில்லை. சோர்ஸ் 2 எஞ்சினுக்கு மாற்றும்போது அவற்றை மூன்று விதமாகக் கையாண்டார்கள். டஸ்ட் 2, மிராஜ் போன்றவற்றின் சுவரையும் வழியையும் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் தெளிவாக்கினார்கள். நியூக் போன்றவற்றுக்குப் புதுப் பூச்சு. ஓவர்பாஸ், இன்ஃபெர்னோ போன்றவற்றை அடியிலிருந்து திரும்பக் கட்டினார்கள். டேவ் ஜான்ஸ்டன் 2001இல் செய்த டஸ்ட் 2ஐ இத்தனை வருடம் கழித்தும் கலைக்கத் துணியாதது சரியான மரியாதை. இருண்ட மூலைகள் குறைந்துவிட்டன; எதிரி நிழலோடு கலந்து நிற்பதும் குறைந்தது. அது போதும்.

வெளிச்சத்தைவிட எனக்கு மனத்தில் நிற்பது எண்ணிக்கை. சி.எஸ்.கோவில் ஒரு மேப்புக்கு அதிகபட்சம் 30 சுற்று. முதலில் 16 எடுத்தவர் வெற்றி. சி.எஸ்.2இல் 24 சுற்று. 13 எடுத்தால் போதும். பாதிக்கு மூன்று சுற்று குறைந்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு பாதியின் முதல் சுற்றும் கைத்துப்பாக்கிச் சுற்று. அதில் தோற்றவர்கள் காசில்லாமல் அடுத்த சுற்றையும் பெரும்பாலும் விடுவார்கள். 30இல் இரண்டு கைத்துப்பாக்கிச் சுற்று என்பதும் 24இல் இரண்டு என்பதும் ஒன்றில்லை. அடி வாங்கியவன் எழுந்து காசு சேர்த்து நிமிர்வதற்குள் பாதி முடிந்துவிடுகிறது.

2018 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த, மேஜர் என்னும் பெரும் தொடரின் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. கிளவுட்9 அணியும் ஃபேஸ் அணியும் தலைக்கு ஒரு மேப் எடுத்திருந்தன. மூன்றாவது மேப் இன்ஃபெர்னோ. ஃபேஸ் 15, கிளவுட்9 11. ஃபேஸுக்கு இன்னும் ஒரே ஒரு சுற்று. அந்த ஒன்றைக் கிளவுட்9 கொடுக்கவில்லை. நான்கு சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து 15-15 ஆக்கி, கூடுதல் நேரத்தையும் இரண்டு முறை தாண்டி 22-19 என்று வென்றது. அந்த மேப்பில் யார் பக்கம் காற்று அடிக்கிறது என்பது எத்தனையோ முறை மாறியது. மாறுவதற்கு இடம் இருந்தது. சி.எஸ்.2இன் முதல் மேஜர் இறுதி 2024 மார்ச் 31 அன்று கோபன்ஹேகனில். நேட்டஸ் வின்செரே அதே ஃபேஸை 2-1 என்று வென்றது. மேப் கணக்கைப் பாருங்கள்: 13-9, 2-13, 13-3. மூன்றாவது மேப்வரை போன இறுதிதான். ஆனால் இரண்டு மேப்களில் மூச்சு வாங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு இறுதிகளை வைத்து மட்டும் எதையும் நிரூபித்துவிட முடியாது என்று தெரியும். குறுகிய வடிவத்திலும் இழுபறிகள் வரத்தான் செய்கின்றன. என்றாலும் தோற்றுக்கொண்டிருப்பவனுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்தது என்பது கணக்கிலேயே இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வேலைக்குப் போகிறவனுக்கு, மறுநாள் பரீட்சை இருக்கிறவனுக்கு, பழைய ஆட்டத்தில் 16-14வரை இழுக்கும் ஒரு மேப் என்பது பெரிய நேரம். நடுவில் எழுந்து போக முடியாது. போனால் மற்ற நான்கு பேருக்குத் துரோகம், தண்டனையும் உண்டு. அந்தச் சுமை குறைந்திருக்கிறது. சி.எஸ்.கோவில் முழுதும் தோற்றுக்கொண்டே பதினைந்து சுற்று தள்ளிய இரவுகளை நினைத்தால் இந்தக் குறைப்பின் நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் என்னைக் கேட்டால், பாஸ்டன் மாதிரி ஒரு இரவு கிடைக்குமென்றால் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

கடை விஷயத்தில் புதியது தெளிவாக மேல். பழையதில் வட்டமாகச் சுழலும் பட்டியலில் அவசரத்தில் தவறான துப்பாக்கியை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். இப்போது எல்லாம் ஒரே பலகையில் தெரிகிறது. வாங்கும் நேரம் முடிவதற்குள், பயன்படுத்தாத பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எம்4ஏ4, எம்4ஏ1-எஸ் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய கட்டாயமும் போயிற்று.

இனி இழந்தவை. இங்கேதான் எனக்கு வருத்தம்.

வால்வ் இதற்கு முன்பும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் புதுப் பதிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. 2004இல் சோர்ஸ் பதிப்பு வந்தபோது 1.6 அழியவில்லை. 2012இல் சி.எஸ்.கோ வந்தபோது சோர்ஸும் 1.6ம் இருந்தன. இன்றைக்கும் 1.6ஐ வாங்கி ஆடலாம். பிடித்தவன் பழையதில் இருந்தான், பிடித்தவன் புதியதற்குப் போனான். புதியது தன் தகுதியால் ஆட்களை இழுக்க வேண்டியிருந்தது. சி.எஸ்.2 அப்படி வரவில்லை. சி.எஸ்.கோவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தது. அப்டேட் இறங்கி முடிந்ததும் பழையது அந்த இடத்தில் இல்லை. ஸ்டீமின் அமைப்புகளுக்குள் போய், சோதனைப் பதிப்புகளின் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் அதை இறக்கிக்கொள்ள முடிந்தது; ஆனால் அதில் எதிராளி தேடித் தரும் சர்வர் கிடையாது. 2024 ஜனவரி 1க்குப் பிறகு அதற்கு ஆதரவும் இல்லை.

பழையதில் இருந்த வேறு ஆட்ட வடிவங்களும் போயின. ஆர்ம்ஸ் ரேஸ் வெளியீட்டு நாளில் இல்லை. 2024 பிப்ரவரியில் திரும்பியது. டேஞ்சர் ஸோன் அதோடு வரவில்லை. ஃப்ளையிங் ஸ்கவுட்ஸ்மேன், டெமாலிஷன் ஆகியவையும் காணாமல் போயின. துப்பாக்கியை இடக்கையில் வைத்துக்கொள்ளும் வசதிகூட முதலில் இல்லை. ஏழு மாதம் கழித்து வந்தது. வந்தபோது ஆட்டத்தின் நடுவிலேயே கை மாற்றலாம் என்று பழையதைவிட மேலாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சமூக சர்வர்களில் சர்ஃப், கேஇசட் என்று சுடுவதையே மறந்து சரிவுகளில் வழுக்கியும் தூண்களில் தாவியும் ஆடிய ஒரு தனி உலகம் இருந்தது. அந்த மேப்களை உருவாக்கியவர்கள் சம்பளத்துக்குச் செய்தவர்கள் இல்லை. புதிய எஞ்சினில் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும். நகர்வின் சின்னச் சின்னக் கணக்குகள் மாறியதால் திரும்பச் செய்தாலும் அதே வழுக்கல் வராது. மேக் கணினிகளுக்கு ஆட்டம் நின்றது. டைரக்ட்எக்ஸ் 9இல் ஓடிய பழைய இயந்திரங்களுக்கும் நின்றது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது வால்வ். இருக்கலாம். சி.எஸ்.கோ எவ்வளவு பழைய கணினியிலும் எப்படியோ தத்தித் தத்தி ஓடிவிடும் என்பதால்தான் எங்களில் பலர் அதற்குள் வந்தோம். அண்ணன் விட்டுப்போன கணினியில் படத் தரத்தையெல்லாம் கீழே இறக்கிவைத்து ஆடத் தொடங்கும் ஒரு பையனுக்கு அந்தக் கதவு இப்போது முன்புபோல் திறந்தில்லை.

ஒன்று மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது: ஸ்கின்கள். 2013 ஆகஸ்டில் சி.எஸ்.கோவில் தொடங்கிய வியாபாரம் இது. துப்பாக்கிக்கு நிறம், கையில் கத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி, அதைத் திறக்கக் காசு கொடுத்து வாங்கும் சாவி. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. இந்த ஆட்டத்தை நேசிக்கிற நான் இதன் அருகே ஒரு பள்ளிப் பிள்ளையை விட மாட்டேன். சி.எஸ்.2 வந்தபோது ஒவ்வொருவரின் ஸ்கின்னும் அப்படியே வந்தது, புதிய வெளிச்சத்தில் இன்னும் பளபளத்தது. 2025 அக்டோபரில் மிக உயர்ந்த சிவப்புத் தரப் பொருள் ஐந்தைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் விதியை மாற்றியபோது கத்திகளின் சந்தை விலை ஒரே இரவில் சரிந்து, உலகம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அலறினார்கள். ஆனால் ஆட்டம் மாறிய நேரத்தில் காசு போட்டவர்களின் சொத்தைக் காப்பாற்ற இத்தனை கவனம் எடுக்க முடிந்தது. காசு வாங்காமல் மேப் செய்து கொடுத்தவர்களின் உழைப்புக்கு அந்தக் கவனத்தில் கால் பங்கு கிடைத்திருந்தால் நான் இந்தப் பகுதியை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று நேராகக் கேட்டால், இன்றைய நிலையில் சி.எஸ்.2 என்பேன். புகையும் கடையும் வெளிச்சமும் அதை முன்னால் நிறுத்துகின்றன. சப்-டிக் தன் கடனைத் தாமதமாகவேனும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. வந்த நாளில் கேட்டிருந்தால் சி.எஸ்.கோ என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை என்பதுதான் ஆறாதது.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பழைய பதிப்பை இறக்கி, கணினியே இயக்கும் பாட்களோடு மிராஜில் நுழைந்தேன். வெளிச்சம் மங்கலாக, சுவர்கள் மஞ்சளாக, எல்லாம் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. புறப்படும் இடத்துச் சுவரோரம் நின்று எறிந்தேன். ஜன்னலில் சாம்பல் உருண்டை எழுந்தது, அதே இடத்தில், அதே அளவில். நடுவெளியில் இறங்கினேன். ஜன்னலுக்கு நேரே வந்ததும் என்னை அறியாமல் கை எச்.இ.யை எடுத்தது, புகைக்குள் எறிந்தது. குண்டு வெடித்த சத்தம் கேட்டது. புகை அசையவில்லை. துப்பாக்கியை உயர்த்தி, திறக்காத அந்த இடத்தைக் குறிவைத்தபடி, அது கரையும்வரை நின்றிருந்தேன்.